அலாஸ்கா நெடுஞ்சாலைப் பயணம்: எங்கே தங்குவது, எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தொடங்கி, யூகான் பிரதேசத்தைக் கடந்து, அமெரிக்காவின் அலாஸ்காவில் முடியும் நெடுஞ்சாலையில் கோடைக்காலத்தில் வண்டியோட்டிச் செல்ல நினைப்பவர்களுக்கான பக்கம் இது. அந்த வழியின் அழகைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இரவு எங்கே படுப்பது, எங்கே பெட்ரோல் போடுவது, எந்த இடத்துக்கு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குவது ஆகியவற்றை இங்கே பார்க்கலாம்.

சாலை சரியாக எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தொடக்கம் டாசன் கிரீக். முடிவு அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன். இன்றைய நீளம் சுமார் 2,230 கி.மீ. டெல்டா ஜங்ஷனிலிருந்து வேறொரு நெடுஞ்சாலை வழியே இன்னும் 155 கி.மீ. போனால் ஃபேர்பேங்க்ஸ் வரும். பெரும்பாலோர் பயணத்தை அங்கேதான் முடிக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. இரண்டாவது யூகானின் வடபகுதியில் உள்ள, தங்க வேட்டைக்குப் பேர்போன ஊர். இந்தச் சாலையிலேயே அது இல்லை. இணையத்தில் அறை பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை முழுமையாகப் படியுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஒரு வழிக்குப் பத்து நாள். ஐந்து நாளில் ஓட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காக இடம்பெயர்பவர்கள் அப்படித்தான் போகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர் ஐந்து நாளில் முடித்தால், மரங்களையும் சாலை நடுவே ஓடும் மஞ்சள் கோடுகளையும் மட்டுமே பார்த்திருப்பார்.

பத்து நாளையும் சமமாகப் பங்கிடாதீர்கள். இந்தச் சாலை முழுவதும் ஒரே அளவு அழகு கொண்டதல்ல. டாசன் கிரீக்கிலிருந்து ஃபோர்ட் நெல்சன் வரையிலான முதல் 455 கி.மீ. பெரும்பாலும் காடும் எரிவாயுக் கிணறுகளுக்குப் போகும் லாரிகளும்தான். உண்மையான விருந்து இரண்டு இடங்களில் இருக்கிறது: ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் இடையே ராக்கி மலைத்தொடரின் வடகோடியைக் கடக்கும் பகுதி, பிறகு ஹெய்ன்ஸ் ஜங்ஷனிலிருந்து குளுவேன் ஏரிக்கரை வரை. மிச்சம் பிடிக்கும் நாட்களையெல்லாம் இந்த இரண்டிடங்களில் செலவிடுங்கள். மற்ற இடங்களில் நாள் முழுக்க ஓட்டினாலும் வருத்தப்பட மாட்டீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். இங்கே நாளின் முடிவைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் தெம்பு அல்ல, அடுத்த படுக்கை இருக்கும் இடம். 400 கி.மீ. ஓட்டியதும் களைப்பாக இருக்கிறது, பக்கத்து ஊரில் தங்கிக்கொள்ளலாம் என்றால், பக்கத்து ஊர் 150 கி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே முதலில் வரைபடத்தில் படுக்கை கிடைக்கும் ஊர்களைக் குறியுங்கள். பிறகு அவற்றுக்கு இடையே நாட்களை அமையுங்கள். பார்த்து நின்று போகும் நாளுக்கு 300 கி.மீ., வெறுமனே கடக்கும் நாளுக்கு 450 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஜூன் மாதத்தில் வைட்ஹார்ஸில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீடிக்கிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று மனம் சொல்லும். வெளிச்சம் இருக்கும், விடுதியின் சமையலறை மூடியிருக்கும், வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார், பெட்ரோல் நிலையமும் பூட்டியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

எங்கெங்கே இரவு தங்குவது?

முதல் இரவு ஃபோர்ட் நெல்சன். அழகான ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் மளிகைக் கடை, டயர் கடை, மோட்டல்கள் எல்லாம் இருக்கும் கடைசி இடம் இது. அடுத்த இடம் வர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலாகும். வழியில் சிக்கானி சீஃப் ஆற்றைக் கடப்பீர்கள். 1942இல் இந்தச் சாலையை அமைத்த அமெரிக்க ராணுவத்தின் 95ஆவது பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் அங்கே மூன்று நாளுக்குள் ஒரு மரப் பாலம் கட்டி முடித்தார்கள். சாலையமைத்த வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். பல காலம் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த இரண்டு இரவுகள் மன்ச்சோ ஏரி அல்லது லியர்ட் வெந்நீரூற்றுப் பகுதி. இங்கே கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். ஃபோர்ட் நெல்சனை விட்டதும் சாலை ஏறத் தொடங்கி, ஸ்டோன் மலைப் பூங்காவில் சம்மிட் ஏரிக்கருகே 1,295 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. நெடுஞ்சாலை முழுவதிலும் மிக உயரமான இடம் அதுதான். பிறகு டோட் ரிவர், அதன்பின் மன்ச்சோ ஏரி. சுமார் 12 கி.மீ. நீள ஏரியின் விளிம்பிலேயே, பாறையைக் குடைந்த இடுக்கில் சாலை போகிறது. தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த நிறம். காலையில் காற்றெழுவதற்கு முன் பார்த்தால் ஒரு நிறம், பிற்பகலில் வேறு நிறம். இரண்டு இரவு தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

அங்கிருந்து சுமார் 55 கி.மீ. தள்ளி லியர்ட் ரிவர் வெந்நீரூற்று மாகாணப் பூங்கா. சதுப்பு நிலத்தின்மேல் போட்ட பலகைப் பாதையில் பத்து நிமிடம் நடந்தால் குளம் வரும். தண்ணீரின் வெப்பம் 42 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை. ஊற்றின் வாயை நெருங்க நெருங்கச் சூடு ஏறும். பகலில் கூட்டம் இருக்கும். அருகிலேயே தங்கியிருந்தால் அதிகாலையிலோ, பகல் பயணிகள் கலைந்த பிறகோ போய்க் குளிக்கலாம்.

நான்காவது இரவு வாட்சன் லேக். இங்குள்ள வழிகாட்டிப் பலகைக் காடு 1942இல் தொடங்கியது. சாலைப் பணியில் இருந்த கார்ல் லிண்ட்லி என்ற வீரர், ஊர் நினைவில் தன் சொந்த ஊரின் பெயரையும் தூரத்தையும் எழுதி ஒரு பலகையை நட்டார். வருகிறவர் போகிறவரெல்லாம் அவரவர் ஊர்ப் பலகையைச் சேர்க்க, இன்று அது பல்லாயிரம் பலகைகள் நிறைந்த இடம். ஒரு மணி நேரம் போதும். நீங்களும் ஒரு பலகை கொண்டுபோகலாம்.

வாட்சன் லேக்கிலிருந்து வைட்ஹார்ஸ் ஏறத்தாழ 440 கி.மீ. மதிய உணவுக்கு டெஸ்லின் சரியான இடம். நிசுட்லின் விரிகுடாப் பாலத்தை நோக்கி இறங்கும்போது கிடைக்கும் காட்சிக்காக மேட்டிலேயே ஒருமுறை நிறுத்துங்கள். வைட்ஹார்ஸில் இரண்டு இரவு. துணி துவைக்க, எண்ணெய் மாற்ற, முன்கண்ணாடி விரிசலைச் சரிசெய்ய, பெரிய கடைகளில் பொருள் வாங்க ஏற்ற யூகான் தலைநகரம். நேரம் இருந்தால் ‘எஸ்.எஸ். குளோண்டைக்’ என்ற பழைய துடுப்புச் சக்கரக் கப்பலையும் மைல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கையும் பாருங்கள்.

அடுத்தது ஹெய்ன்ஸ் ஜங்ஷன், சுமார் 155 கி.மீ.தான். தூரம் குறைவு என்பதற்காகக் கடந்து போய்விடாதீர்கள். குளுவேன் தேசியப் பூங்காவின் வாசல் இது. கனடாவின் மிக உயர்ந்த லோகன் சிகரம் (5,959 மீட்டர்) இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து தெரிபவை முன்வரிசை மலைகளே. உள்ளே இருக்கும் பனிவெளியைப் பார்க்கச் சிறு விமானத்தில் போக வேண்டும். வானம் மூடியிருந்தால் விமானம் கிளம்பாது. எனவே இங்கேயும் இரண்டு இரவு வைத்தால் ஒரு நாள் கெட்டாலும் மறுநாள் கைகொடுக்கும்.

குளுவேன் ஏரியின் தென்முனையில் சோல்ஜர்ஸ் சம்மிட் என்ற இடத்துக்கு ஏறும் குறுகிய நடைபாதை உண்டு. 1942 நவம்பர் 20 அன்று, கடும் குளிரில், சாலையின் திறப்பு விழா நடந்த இடம். அங்கிருந்து கீழே பார்த்தால் அகலமான சாம்பல் நிறப் படுகை தெரியும். பனியாறு பின்வாங்கியதில் 2016இல் உருகுநீர் திசை மாறி வேறோர் ஆற்றில் கலந்துவிட, வற்றிப்போன ஆற்றின் தடம் அது. காற்றடித்தால் புழுதி கிளம்பும், ஜன்னலை ஏற்றிவிடுங்கள்.

பிறகு பீவர் கிரீக், அல்லது எல்லை தாண்டி டோக். அதற்கடுத்த நாள் ஃபேர்பேங்க்ஸ்.

எந்த இரவுகளுக்கு முன்பதிவு அவசியம்?

மன்ச்சோ ஏரி–லியர்ட் பகுதி, ஹெய்ன்ஸ் ஜங்ஷன் இரண்டுக்கும் கட்டாயம், அதுவும் பல மாதங்களுக்கு முன்பே. அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வைட்ஹார்ஸில் அறைகள் அதிகம், கோடையில் கூட்டமும் அதிகம். அதையும் பதிவு செய்வது நல்லது. மற்ற ஊர்களில் ஓரிரு நாள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃபோர்ட் செயின்ட் ஜானிலும் ஃபோர்ட் நெல்சனிலும் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: எரிவாயுப் பணியாளர்களோ தீயணைப்புக் குழுக்களோ வந்திறங்கினால் ஊர் முழுக்க அறைகள் நிரம்பிவிடும்.

எல்லா இரவுகளையும் மாற்ற முடியாதபடி கட்டிப்போடாதீர்கள். ஒரு டயர் வெடித்தால் போதும், பின்னால் இருக்கும் ஏழு பதிவுகளும் வரிசையாகக் குலையும். ரத்து விதிகளைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

சாலையோர லாட்ஜுகள் எப்படி இருக்கும்?

எளிமையாக. மரக் கட்டடம், கீழே உணவகம், வாசலில் பெட்ரோல் குழாய், பின்னால் நாலைந்து அறைகள் அல்லது தனிக் குடில்கள். சில இடங்களில் மின்சாரம் அவர்களே ஜெனரேட்டரில் உற்பத்தி செய்வது. நகரத்து ஹோட்டல் விலையைக் கொடுத்துவிட்டு நகரத்து வசதியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எரிபொருள் முதல் முட்டை வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் வருகிறது. மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும்.

முக்கியமான செய்தி: பழைய வரைபடங்களில் இருக்கும் லாட்ஜுகளில் பல இன்று மூடிக் கிடக்கின்றன. வண்டிகள் மேம்பட்டு, மக்கள் ஒரே மூச்சில் நீண்ட தூரம் ஓட்டத் தொடங்கியதும் இடையிலிருந்த லாட்ஜுகளுக்குப் பிழைப்பு இல்லாமல் போயிற்று. வரைபடச் செயலியில் பெயர் தெரிகிறது என்பதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறார்களா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

முகவரியில் ‘மைல் 462’ என்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாலை போட்ட காலத்து மைல் கணக்கு அது. பின்னாளில் வளைவுகளை நிமிர்த்தியதில் சாலை குட்டையாகிவிட்டது. கனடாவும் கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. பழைய மைல் எண்கள் பெயர்களாகவே நின்றுவிட்டன. உதாரணத்துக்கு, டெல்டா ஜங்ஷனின் பழைய எண் 1,422; இன்றைய உண்மைத் தூரம் அதைவிடச் சுமார் 35 மைல் குறைவு. எனவே அந்த எண்ணை வீட்டு எண்ணாகக் கருதுங்கள், ஓடோமீட்டரோடு ஒப்பிடாதீர்கள்.

கூடாரம் அல்லது கேம்பர் வண்டியில் (உள்ளேயே படுக்கை கொண்ட வண்டி) போனால் மலிவாக முடியுமா?

கூடாரம் என்றால் நிச்சயம் மலிவு. யூகான் அரசின் முகாம் திடல்கள் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் அருமையான இடங்களில் அமைந்தவை. விறகும் கட்டணத்துக்குள் அடக்கம். அவற்றில் பெரும்பாலானவை முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையில் இயங்குபவை. மதியம் மூன்று நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல இடம் கிடைக்கும். லியர்ட் திடலுக்கு முன்பதிவு உண்டு, கோடையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாடகைக் கேம்பர் வண்டி மலிவல்ல. வாடகை, எரிபொருள், கிலோமீட்டர் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் காரும் மோட்டலுமே குறைவாக வரலாம். அதன் லாபம் வேறு: படுக்கை எங்கே என்ற கவலை கூடவே வராது.

கூடாரவாசிகள் உணவு, பற்பசை, சோப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. வாசனை வரும் எல்லாமே காருக்குள். கரடிகள் நிஜமாகவே வருகின்றன.

சாலையோர ஓய்விடத்தில் வண்டியிலேயே தூங்கலாமா?

கண் அயர்ந்தால் சற்று நேரம் உறங்கி எழலாம். இரவு முகாம் போடுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. அங்கிருக்கும் பலகையைப் படித்து அதன்படி நடங்கள்.

பெட்ரோல் எங்கே தீரும்?

நீங்கள் அலட்சியமாக இருக்கும் இடத்தில். பாதித் தொட்டி ஆனதும் அடுத்து வரும் நிலையத்தில் நிரப்பிவிடுங்கள், விலை எவ்வளவாக இருந்தாலும். ஃபோர்ட் நெல்சன்–வாட்சன் லேக் இடையே விலை அதிகம். அங்கே பேரம் பார்ப்பது அர்த்தமற்றது. கனடாவில் லிட்டர், அலாஸ்காவில் கேலன் என்பதால் விலைப் பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ஒரு அமெரிக்க கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர், டாலரும் வேறு டாலர்.

சாலை மோசமா?

முழுக்கத் தார்ச்சாலைதான். கோடையில் பழுதுபார்ப்பு நடக்கும் இடங்களில் சரளைக்கல் இருக்கும். எதிர் லாரி தெறிக்கும் கல்லால் முன்கண்ணாடி விரிசல் விடுவது மிகச் சாதாரணம். மெல்லிய தற்காலிகச் சக்கரத்தை நம்பாமல் முழு அளவு ஸ்டெப்னி எடுத்துச் செல்லுங்கள்.

டிஸ்ட்ரக்‌ஷன் பே (குளுவேன் ஏரிக்கரை ஊர்) முதல் எல்லை வரையிலான பகுதி தனி ரகம். நிலத்தடியில் நிரந்தரமாக உறைந்த மண். கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சி அடிமண்ணை உருக்க, சாலை அங்கங்கே தொய்கிறது. வேறிடங்களில் உறைபனி அதைத் தூக்குகிறது. தூரத்தில் பார்த்தால் தட்டையாகத் தெரியும், மேலே ஏறியதும் வண்டி படகைப் போல ஆடும். ஓரத்தில் நட்ட சிறு கொடிகளைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். இந்த நாளுக்கு மட்டும் பயண நேரத்தில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய எல்லாம் திறந்திருக்கும். கொசுவும் நீங்களும் ஒரே காலத்தில்தான் வருவீர்கள். என் தேர்வு ஆகஸ்ட் கடைசி: இலைகள் மஞ்சளாகத் தொடங்கும், கொசு குறையும், இரவு இருட்டும், வானம் தெளிந்திருந்தால் துருவ ஒளி காணவும் வாய்ப்புண்டு. செப்டம்பர் நடுவில் பல லாட்ஜுகளும் திடல்களும் பூட்டத் தொடங்கும்.

விலங்குகள் எங்கே தெரியும்?

லியர்ட் பகுதியில் காட்டெருமைக் கூட்டம் சாலையோரத்திலேயே மேயும். ஸ்டோன் மலை, மன்ச்சோ ஏரிப் பக்கம் மலை ஆடுகள் உப்புச்சுவைக்காகச் சாலையையே நக்கிக்கொண்டு நிற்கும். வளைவுகளில் நிதானம் தேவை. படம் எடுக்க வண்டியை விட்டு இறங்காதீர்கள். அந்தி மங்கிய பின் ஓட்டாமலிருக்க இன்னொரு காரணம், மூஸ் எனும் கரிய பெரிய மான் கடைசி நொடியில்தான் கண்ணில் படும்.

சைவ உணவு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் மூன்றாம் நாளே சலித்துவிடும். லாட்ஜ் உணவகங்களில் முட்டை, பான்கேக், வறுத்த உருளைக்கிழங்கு, இலவங்கப்பட்டை பன் கிடைக்கும். காய்கறி சூப்பும் இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். ‘பை’ (pie) என்ற பண்டத்தின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எட்மன்டன் வழியே வருபவர்கள் அங்குள்ள இந்தியக் கடைகளில் அரிசி, பருப்பு, ஊறுகாய், பொடி வகைகளை வாங்கிக்கொள்ளலாம். அறை பதிவு செய்யும்போது சிறு சமையலறை வசதி உண்டா என்று கேளுங்கள். அமெரிக்க எல்லையில் எல்லா உணவுப் பொருளையும் அறிவிக்க வேண்டும். பழங்கள், காய்கறிகள் சிலவற்றை எடுத்துவிடுவார்கள். அவற்றை பீவர் கிரீக்கிலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா?

ஊர்களில் செய்யும், இடையில் செய்யாது. வரைபடங்களை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போவதானால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று வைத்திருப்பது புத்திசாலித்தனமான செலவு.

எல்லையில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் தேவை. அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்கள் கடவுச்சீட்டையும் அட்டையையும் காட்டிக் கனடாவுக்குள் நுழையலாம். யூகான் 2020 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் அலாஸ்கா அதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. டோக்கில் தங்குவதானால் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. திரும்பும்போது அதைப் பறிகொடுப்பீர்கள்.

வாடகைக் கார் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு நாட்டில் எடுத்து மறு நாட்டில் விடுவதற்குப் பல நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை, அல்லது பெருந்தொகை கேட்கின்றன. சரளைச் சாலைக்குத் தடை, முன்கண்ணாடிக்குக் காப்பீடு இல்லை போன்ற வரிகள் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும். எடுத்த ஊருக்கே திரும்பும் சுற்றுப்பயணமாகத் திட்டமிட்டால் தலைவலி குறைவு.

காட்டுத்தீயால் சாலை மூடினால்?

காத்திருக்க வேண்டியதுதான், பல இடங்களில் மாற்றுச் சாலையே இல்லை. 2024 மே மாதத்தில் ஃபோர்ட் நெல்சன் ஊரே காலி செய்யப்பட்டு, மக்கள் திரும்ப இரண்டு வாரங்களுக்கும் மேலானது. ஒவ்வொரு காலையும் கிளம்பும் முன் பிரிட்டிஷ் கொலம்பியா, யூகான், அலாஸ்கா அரசுகளின் சாலை நிலவரப் பக்கங்களைப் பாருங்கள். விமானச் சீட்டுக்கு முன் இரண்டு நாள் வெற்றாக விட்டுவையுங்கள்.

அதே வழியில்தான் திரும்ப வேண்டுமா?

தேவையில்லை. வாட்சன் லேக் அருகே தெற்கே பிரியும் கசியார் நெடுஞ்சாலை 700 கி.மீ.க்கு மேல் நீளம், வண்டிகள் குறைவு, பனிமூடிய மலைகள் அதிகம், பெட்ரோல் நிலையங்கள் இன்னும் குறைவு. கப்பல் விரும்புபவர்கள் ஹெய்ன்ஸ் ஜங்ஷனிலிருந்து 240 கி.மீ. இறங்கி ஹெய்ன்ஸ் துறைமுகத்தில் காரோடு அலாஸ்கா அரசுக் கப்பலில் ஏறலாம். கார் இடம் அறையைவிட முன்னதாகத் தீரும், அதை முதலில் பதிவு செய்யுங்கள். டாசன் சிட்டி வழியே டாப் ஆஃப் த வேர்ல்ட் சாலையில் திரும்ப ஆசைப்பட்டால், அந்த மலைமேட்டு எல்லைச் சாவடி கோடையில் மட்டும், அதுவும் பகல் நேரத்தில் மட்டும் இயங்குவது; பெரும்பகுதி சரளை, முடிவில் யூகான் ஆற்றைக் கடக்கப் படகுத்துறை வரிசை. மழை நாளில் அதை விட்டுவிட்டு டோக் வழியே திரும்புவது மேல்.